அரளி மாலையும் மரநாய்க்குட்டியும்

தாழம்பாறைக் காட்டில் ஒரு குளம். கரையில் ஒரு கல்சாமி. அதற்குப் பூசாரி ஒரு கரடி.

ஒரு மாதமாகக் குளத்து நீரைக் குடித்த மிருகங்கள் வாந்தியெடுத்துச் சுருண்டன. இரண்டு மான்கன்றுகள் இறந்தே போயின. துக்கம் வந்த வீட்டில் பழி போட ஓர் ஆள் வேண்டுமே! மின்னி அகப்பட்டது. தாயில்லாத மரநாய்க்குட்டி. தனக்குத்தானே பேசிக்கொண்டு திரியும்.

"எல்லாரும் சாகக் கிடக்கோம். இவ மட்டும் குதிச்சுக்கிட்டுத் திரியுறா. சூனியக்காரி இவதான்" என்றது காட்டுப்பன்றி.

"வேப்பிலை அடிச்சு மூணு நாள் பட்டினி போடுங்க, பூசாரி. பேய் இறங்கலைன்னா புலிப்பாறைக்குத் துரத்திடுவோம்" என்றது கன்றை இழந்த தாய்மான்.

புலிப்பாறைக்குப் போன குட்டி எதுவும் திரும்பியதில்லை.

கரடி வேப்பங்கொத்தை எடுத்தது. மின்னி கல்சாமிக்குப் பின்னால் ஒண்டியது. ஆனால் புற்றைத் தோண்டுவதுபோல எதையும் தோண்டிப் பார்ப்பது கரடியின் குணம்.

"ஏம்மா, நீ தண்ணி எங்க குடிக்கிற?"

"மேலே பாறைச் சுனையில, சாமி. குளத்துப் பக்கம் வந்தா பன்றி மாமா முட்ட வர்றாரே."

கரடி கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் குளத்து நீரருகே நடந்தது; மற்றவையும் பின்னாலேயே வந்தன. கரையோரம் பழைய மாலைகள் ஊறி அழுகிக் கிடந்தன. சாமிக்குச் சாத்திய பூ காலில் மிதிபடக் கூடாதென்று, வெள்ளிதோறும் கரடிதான் அவற்றை நீரில் போடும். செம்பருத்தி காய்ந்துவிட்டதால் ஒரு மாதமாக எல்லாம் அரளி மாலை. பூவும் இலையுமாகக் கட்டியது.

கரடி ஓர் இலையை எடுத்து மானிடம் நீட்டியது. "இதைத் தின்பியா?"

"அரளியா? விஷமாச்சே. எங்க கன்றுகூட வாய் வைக்காது."

"அதைத்தான் ஊறவச்சு ஊருக்கே குடிக்கக் கொடுத்திருக்கேன்."

மான் அப்படியே உட்கார்ந்து அழுதது.

"அப்போ பேய்?" என்று கேட்டது பன்றி.

"பேயும் இல்ல, சூனியமும் இல்ல. உன் கன்றைக் கொன்னது என் கைதான், தாயி" என்ற கரடி, சாமிக்கு முன்னாலேயே மின்னியின் காலில் தலையை வைத்தது. பிறகு குளத்தில் இறங்கி மாலைகளை அள்ளி, ஆழமாகப் புதைத்தது.

அன்று மாலை மிருகங்கள் எல்லாம் சுனைக்குப் போயின. மின்னிதான் வழி காட்டியது. பன்றி வெட்கத்தோடு கடைசியில் நின்றது.

"வாங்க மாமா, தண்ணி நல்லா இருக்கு" என்றது மின்னி.

காரணம் தெரியாத துன்பத்துக்குக் குழந்தைமேல் பழி போடுவது பக்தியாகாது. என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பதே சாமிக்குப் பிடித்த பூசை.