தாணுவின் பாகம்

"ஆசானே, நாளைக்கு என்னை மட்டும் தனியாச் சோதிங்க."

சிதம்பரதாணு வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னான்.

ஆசான் மருந்து உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆசான் என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தாணுவைவிட ஆறேழு வயதுதான் மூப்பு.

"ஏண்டே?"

"என் கூட்டத்துல மத்த மூணு பேருக்கும் ஒண்ணும் மண்டையில ஏறாது. அவங்களையும் இழுத்துக்கிட்டு நான் எப்படிக் கரையேற?"

ஆசானுடைய பயிற்சிக் களரியில் வர்மம் சொல்லித்தந்தார்கள். எங்கே தொட்டால் ஆள் சாய்வான், சாய்ந்தவனை எப்படி எழுப்புவது என்கிற வித்தை. ஆசான் பாடம் நடத்தும் முறைதான் விசித்திரமானது.

சீடர்களை நான்கு நான்கு பேராகப் பிரிப்பார். ஒரு வர்மத்தை நான்கு பாகமாக்குவார். தொட வேண்டிய இடத்தை ஒருவன் காதில் சொல்வார். அழுத்த வேண்டிய அளவை இன்னொருவன் காதில். சாய்ந்தவனை எழுப்பும் இளக்குமுறையை மூன்றாமவன் காதில். அதற்குப் பிறகான மருந்தை நான்காமவன் காதில். அவ்வளவுதான். அப்புறம் வாயைத் திறக்க மாட்டார். நால்வரும் ஒருவருக்கொருவர் சொல்லித்தந்து பாடத்தை முழுசாக்கிக்கொள்ள வேண்டும்.

வருஷக் கடைசியில் சோதனை. யாரிடம் எந்தப் பாகத்தைக் கேட்பார் என்று தெரியாது. ஒருவன் தோற்றால் நால்வரும் தோற்றார்கள். இன்னொரு வருஷம் இருக்க வேண்டியதுதான்.

தாணுவால் இருக்க முடியாது. ஊரில் அவன் அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. வைத்தியசாலை பூட்டிக் கிடந்தது. தேறிவிட்டான் என்று ஆசான் சொன்னால்தான் அவன் ஒரு நோயாளிமேல் கை வைக்கலாம்.

"ஏசுவடியான் எப்படி?" என்று கேட்டார் ஆசான்.

"தன் பாகத்தைச் சொல்லுவான். வேற எதக் கேட்டாலும் முழிப்பான்."

"மாதேவன்?"

"கோவக்காரன். திருத்தினா சண்டைக்கு வருவான்."

"செல்லையண்ணன்?"

தாணு சிரித்துவிட்டான்.

"அந்தாளுக்கு அம்பது வயசு ஆசானே. இந்த வயசுல இங்க என்னத்துக்கு வந்தாருன்னே தெரியல."

"கேட்டுப் பாத்தியா?"

"எதுக்குக் கேக்கணும்?"

ஆசான் உரலைக் கவிழ்த்து வைத்தார்.

"அவங்க மூணு பேர் பாகமும் உனக்குத் தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"இளக்குமுறை உன் பாகம். அது அவங்களுக்குத் தெரியுமா?"

தாணு கொஞ்சம் தயங்கினான்.

"அது பொல்லாத பாகம் ஆசானே. இம்மியளவு தப்பினாலும் ஆள் போயிருவான். அவங்க தப்பாப் படிச்சு வைக்கதுக்குப் படிக்காம இருக்கதே நல்லது. நான்தான் கூட இருக்கேனே."

கெட்டிக்காரர்கள் இப்படித்தான். சொல்லித்தரப் பொறுமை இல்லை என்று மட்டும் அவர்கள் வாயில் வராது.

"சரிடே. நாளைக்கு உங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன். போ."

கேட்காமலே தேற்றிவிடுவார் என்று எண்ணிய தாணு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே போனான்.

மறுநாள் காலை எல்லோரும் களரியில் கூடினார்கள்.

"தாணு, இங்க வாடே."

வந்தான்.

ஆசான் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். பாராட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தாணுவும் அப்படித்தான் நினைத்தான். ஆசானுடைய கட்டைவிரல் அவன் கழுத்தோரம் நகர்ந்தது.

தாணு விழுந்தான்.

கொடியிலிருந்து வேட்டி நழுவுகிற மாதிரி, சத்தமே இல்லாமல் விழுந்தான்.

"ஐயோ!" என்று யாரோ கத்தினார்கள். ஏசுவடியான் ஓடிவந்து அவனைத் தூக்கப் பார்த்தான். கை துவண்டு விழுந்தது. கால் துவண்டு விழுந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் மட்டும் பயத்தில் அகன்று, இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு குரு செய்யக்கூடிய காரியமா இது?

"செல்லையண்ணே," என்றார் ஆசான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இளக்குங்க."

செல்லையன் எழுந்து வந்தார். தாணுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. விரல்கள் அவன் தோளருகே போயின. திரும்பி வந்தன. மறுபடி போயின.

"நேரம் போகுது," என்றார் ஆசான்.

"எந்தம்பியும் இப்படித்தான் கெடந்தான் ஆசானே." என்றார் செல்லையன். "பனையிலேருந்து விழுந்து. கண்ணு மட்டும் என்னையே பாத்துக்கிட்டிருந்துது. எங்க தொடணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அதுக்குத்தானே இங்க வந்தேன்."

தாணுவின் காதில் எல்லாம் விழுந்தது. பார்வையையும் காதையும் மட்டும் வர்மம் விட்டுவைத்திருந்தது.

அவனுக்கு வழி தெரியும். பிடரியில் எந்த இடம், எந்த விரல், எத்தனை அழுத்தம், எல்லாம் தெரியும். நாக்கைப் புரட்டப் பார்த்தான். அது யாருடையதோ மாதிரி வாய்க்குள் கிடந்தது.

"இளக்குமுறை யாருக்கு வந்த பாகம்?" என்று கேட்டார் ஆசான்.

"தாணு தம்பிக்கு."

"சொல்லித் தந்தானா?"

செல்லையன் குனிந்து தாணுவைப் பார்த்தார். தாணுவால் கண்ணை மூடக்கூட முடியவில்லை.

"தந்தாரு ஆசானே. பல தடவ சொல்லித் தந்தாரு. எனக்குத்தான் மனசுல நிக்கல."

"பொய்!" மாதேவன் துள்ளி எழுந்தான். "ஒரு வார்த்த சொல்லித் தரல. உங்களுக்கும் தரல, எங்களுக்கும் தரல. நாங்க வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் வாங்கிக்கிட்டு, தன்னோடத மூடி வச்சுக்கிட்டான். படட்டும்!"

"சும்மா இருடே!"

செல்லையன் அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை.

"பேச முடியாமக் கெடக்கிற ஆள்மேல பழி போடுவியா? எந்திரிச்சு வரட்டும், பெறவு கேளு."

மாதேவன் உட்கார்ந்தான்.

"அப்போ அவன் போயிட்டா," என்றார் ஆசான், "குத்தம் யார்மேல செல்லையண்ணே?"

"எம்மேலதான் ஆசானே. எம்மேலதான்."

அவர் அழுதுகொண்டே தாணுவின் உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பித்தார். அதனால் ஒரு பயனும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

தாணுவின் மூச்சு சிறுத்துக்கொண்டே வந்தது.

ஆசான் குனிந்து, அவன் பிடரியில் ஓர் இடத்தில் அழுத்தித் தட்டினார்.

தாணு இருமினான். கை அசைந்தது. கால் உதைத்தது. மண்ணைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"நாலு பேரும் தோத்தாச்சு," என்றார் ஆசான். "இன்னொரு வருஷம்."

செல்லையன் தாணுவின் கையை இன்னும் விடவில்லை.

"என்னால உனக்கும் போச்சே தம்பி," என்றார். "அப்பா வேற கை நடுங்கிக்கிட்டு உனக்காகக் காத்திருப்பாரே. நான் வேணா ஊருக்கு வந்து அவருகிட்ட சொல்லட்டுமா? உம்மேல தப்பில்லன்னு?"

தாணு அவரையே பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"நான்தான் இளக்கிவிட்டேனே," என்றார் ஆசான். "பெறவு ஏண்டே பேச மாட்டேங்க?"

தாணு அவருக்குப் பதில் சொல்லவில்லை. செல்லையனின் கட்டைவிரலைப் பிடித்தான். அதைத் தன் பிடரிக்குக் கொண்டுபோனான். அதன்மேல் தன் விரலை வைத்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான்.

"இங்க, அண்ணாச்சி," என்றான். "பயப்படாம அழுத்துங்க."