சகலைகள் செய்த லென்ஸ் பலகை

அம்பாசமுத்திரத்தில் பூர்ணிமா ஸ்டுடியோ வைத்திருந்த நெல்லையப்ப பிள்ளைக்கு ஒரு பெரிய கேமரா, மூன்று மாப்பிள்ளைகள். கேமரா ஒழுங்காக வேலை செய்யும். மாப்பிள்ளைகள் சொன்னதைச் செய்வார்கள். தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

கடைசி மகள் உலகம்மைக்குக் கோவில்பட்டியில் வரன் வந்திருந்தது. பெண் போட்டோ சாயங்கால ரயிலில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். உலகம்மைக்கோ மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தியை ரொம்பப் பிடித்திருந்தது. அவர் படத்தை அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்து லென்ஸைத் தாங்கும் பலகை பிளந்துவிட்டது. பிள்ளைக்குத் தென்காசியில் தவிர்க்க முடியாத வேலை. மாப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சொன்னார்:

"பெட்டியில பழைய பலகை கிடக்கு. கேமரா வாய்க்குச் சரியானதை எடுத்து, ஆசாரிகிட்ட லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு வாங்குங்க. ரசமட்டம் வச்சு எல்லாத்தையும் நேராக்குங்க. முக்கியமா, பலகை வழியா ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள போவக்கூடாது."

மூத்த மாப்பிள்ளை சங்கரலிங்கம் மூன்று முறை தலையாட்டினார். மற்ற இருவரும் அவர் ஆட்டி முடிக்கும் வரை காத்திருந்து ஆட்டினார்கள்.

பலகையை எடுத்ததிலும் தப்பில்லை. ஆசாரி ரம்பத்தைச் சுழற்றி அழகாக வட்டம் வெட்டினார். வட்டத்துண்டு கீழே விழுந்தது. பலகையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது நடு மாப்பிள்ளை ஆவுடைநாயகம் திரும்பி நின்றார்.

"ஓட்டையைக் கொடுக்கலையே, ஆசாரி?"

"போட்டுத்தானே இருக்கு, அண்ணாச்சி!"

"போட்டது அந்தா கீழ கிடக்கு. இங்க ஒண்ணுமே இல்ல பாருங்க." பலகைக்குள் கையை விட்டு அந்தப் பக்கம் விரலை ஆட்டிக் காட்டினார்.

ஆசாரி துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவருக்கும் சிரிக்க ஒரு நாள் வேண்டாமா?

ஸ்டுடியோவில் லென்ஸைப் பலகையின் முன்பக்கம் திருகினார்கள். சின்னவர் குற்றாலம் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு அலறினார். "அண்ணாச்சி, வெளிச்சம் வருது! மாமா கொன்னுருவாவ!"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"எது வழியா வருது?"

"ஓட்டை இருக்க வேண்டிய இடத்து வழியா."

"அப்ப ஓட்டையை அதோட இடத்துல வச்சிட்டா?"

வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்த சங்கரலிங்கம் நெகிழ்ந்துபோனார். "ஒரு பொட்டு இல்லவே! மாமா சொன்னது அப்படியே வந்திருக்கு."

அடுத்தது ரசமட்டம். கேமராவில் வைத்தார்கள், நேர். நாற்காலியில் வைத்தார்கள், நேர். 'எல்லாத்தையும்' என்று மாமா சொன்னாரே என்று உலகம்மையின் தலையில் வைத்தார்கள். குமிழி இடது பக்கம் ஓடியது.

"பொண்ணு கோணலா இருக்கு."

"மேசை ஆடினா என்ன செய்வோம்?" என்றார் ஆவுடைநாயகம். உடனே அட்டையை மடித்து அவள் வலது செருப்புக்கு அடியில் செருகினார்கள்.

"அத்தான், படத்தை எடுங்க! ரயில் வந்துரும்!" என்று உலகம்மை அழாத குறையாகக் கெஞ்சினாள்.

எடுத்தார்கள், கழுவினார்கள், பிரிண்ட் போட்டார்கள். மேலிருந்து கீழ் வரை கன்னங்கரேல் என்றிருந்தது.

"பொண்ணு எங்க?" என்றார் குற்றாலம்.

"உள்ளதான் இருக்கா. நாம எடுக்கும்போது எழுந்து போனாளா?"

அந்த நியாயத்துக்கு எதிர்நியாயம் இல்லை. படத்தைக் கவரில் போட்டு ஒட்டி ரயிலேற்றினார்கள்.

பிள்ளை திரும்பி வந்து பலகையைக் கழற்றிப் பார்த்தார். வட்டத்துண்டைப் பிடுங்கித் தெருவில் வீசினார். உலகம்மை அரிசிப்பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஈஸ்வரமூர்த்தியே வாசலில் வந்து நின்றார். கையில் கறுப்புப் படம்.

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பொண்ணு தெரியல. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் இல்ல. அப்ப வீட்டுலதான் இருக்கணும்னு கிளம்பி வந்துட்டேன்."

சகலைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரை அவர்கள் அதுவரை சந்தித்ததே இல்லை. உலகம்மை அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். ஈஸ்வரமூர்த்தியும் சிரித்தார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

கல்யாணத்தன்று குடும்பத்தோடு ஒரு படம். குற்றாலம் கேமராவுக்குப் பின்னால், மற்றவர்கள் முன்னால். பிள்ளை இந்தத் தடவை தானே பலகையைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக வந்து நின்றார். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் புது மாப்பிள்ளை மெல்லக் குற்றாலத்திடம் போனார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வரும்போது தெருவுல கிடந்துச்சு. உங்க கேமராவோடதுதானே?"

"அடடே, ஓட்டை!" என்று குற்றாலம் அவரைக் கட்டிக்கொண்டு, அதை அதன் இடத்தில் வைத்தார்.

அந்தப் படம் இன்றைக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ வாசலில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் சங்கரலிங்கம் விரல் வைத்துக் காட்டுவார்.

"இது மாமா. இது பொண்ணு, மாப்ள. எல்லாரும் நல்லா விழுந்திருக்கோம். நான்தான் கண்ணை மூடிட்டேன்."