ரூட்டுக்கு அனுமதி இல்லை

"அநியாயம் மேடம்! என்னையே உள்ள விட மாட்டேங்குது!"

வேதநாயகம் கதவைக்கூடத் தட்டவில்லை. அணையின் வெள்ளக் கண்காணிப்பு அறைக்கு அவர்தான் தலைமைப் பொறியாளர். சர்வர்களை இயக்கும் லினக்ஸைக் கற்றுக்கொள்ள, அவற்றைப் பராமரிக்கும் ரஹ்மத்நிஷாவிடம் சீடராகச் சேர்ந்து ஆறு மாதம். வயதில் அவளுக்குப் பத்து வருடம் மூத்தவர்.

"எது சார்?"

"அந்தச் சர்வர்! மழை அளவைப் பொதுக் கோப்புறையில எழுதணும். அதை வச்சுத்தான் மதகைத் திறக்கிறதா வேண்டாமான்னு முடிவு. படிக்க விடுது. எழுதப் போனா 'அனுமதி இல்லை'ங்குது. காலையிலேர்ந்து இதே பாட்டு!"

"எந்தப் பேர்ல போனீங்க?"

"ரூட்! எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. என் மெஷின்ல ரூட்டுக்கு மேல ஆளே கிடையாது."

அவள் எழவில்லை.

"அதே சர்வர்ல எல்லாரும் எழுதலாம்னு ஒரு கோப்புறை இருக்கு. அதுல ஒரு வெற்றுக் கோப்பு போடுங்க. உரிமையாளர் யாருன்னு பாருங்க."

போட்டார். பார்த்தார்.

"'நோபடி'ன்னு இருக்கு. யாருமே இல்லையாம்!"

"ரூட்னு சொல்லிக்கிட்டு வெளி மெஷின்லேர்ந்து யார் வந்தாலும் அது அப்படித்தான் எழுதிக்கும். சர்வர்ல போட்டிருக்கிற விதி அது."

அவர் முகம் சிவந்தது.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் ஒரு ஆளே இல்லையா? அந்த விதியை எடுத்துடுங்க. இப்பவே!"

"எடுத்துடலாம். இந்த வளாகத்துல எத்தனை மெஷின் சார்?"

"நாப்பது."

"ஒவ்வொண்ணுலயும் ஒரு ரூட் இருக்கார்."

மழை அளவுக் கோப்பில் நாற்பது கைகள் புகுந்து எழுதுவதை அவர் நினைத்துப் பார்த்தார். ஆத்திரம் தணியவில்லை. போக இடமில்லாமல் நின்றது.

"அப்ப நான் எப்படித்தான் எழுதறது?"

"வேலைக்குச் சேர்ந்தப்ப உங்களுக்குச் சாதாரணக் கணக்கு ஒண்ணு கொடுத்தாங்களே. அந்தச் சர்வருக்கு அதைத் தெரியும்."

அவர் ரூட்டிலிருந்து வெளியேறினார். பழைய கடவுச்சொல் மூன்றாம் முறைதான் நினைவுக்கு வந்தது.

எழுதினார்.

சர்வர் எழுதிக்கொண்டது.

அந்த மழை அளவை வைத்துத் திரையில் ஏறிய அணை நீர்மட்டத்தைப் பார்த்ததும் மதகு அறைக்குப் போன் போட்டார்.

"யாரு?" என்றது மறுமுனை.

"வெள்ளக் கண்காணிப்புத் தலைமை..."

நிறுத்தினார்.

"வேதநாயகம் பேசறேன். மதகைத் திறக்கணும். முதல்ல கரையோரத்து ஜனங்களை மேட்டுக்குப் போகச் சொல்லுங்க."