விசிறி இல்லாத காற்று

"விசிறி போட்டால் இரைகிறது. போடாவிட்டால் கொதிக்கிறது. நான் என்னதான் செய்வது, அம்மா?"

கேட்டவர் கதிரேசன். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்து ஆசிரமத்தில் ஒலிக்கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பு.

ஆசிரமத்தை நடத்திய தவமணி அம்மா அவரைவிட வயதில் மிக இளையவர்.

"எது கொதிக்கிறது?"

"வால்வு ஆம்ப்ளிஃபயர். நேற்று கருகின வாடையே வந்துவிட்டது. ஒரு சின்ன மின்விசிறியைப் பக்கத்தில் பொருத்தினேன். சூடு குறைந்தது. ஆனால்..."

"ஆனால்?"

"பொன்னம்பலம் நிறுத்தச் சொல்லிவிட்டார்."

பொன்னம்பலம் வீணை வாசித்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தினமும் மாலையில், தான் முன்பு வாசித்துப் பதிவு செய்ததைப் படுக்கையில் இருந்தபடி கேட்பார். அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"என்ன சொன்னார்?"

"'தந்தி அடங்குகிற இடத்தில் விசிறிதான் கேட்கிறது. இதற்குக் கேட்காமலே இருக்கலாம்' என்றார்."

அம்மா எழுந்தார்.

"சத்தம் குறைந்த விசிறி வாங்கட்டுமா? இல்லை, அடுத்த அறையில் விசிறியை வைத்துக் குழாய் இழுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே கதிரேசன் பின்னால் நடந்தார்.



பொன்னம்பலத்தின் அறையில், முன்பக்கம் மட்டும் திறந்த தேக்குப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. தூசி படியக் கூடாதென்று கதிரேசனே செய்த பெட்டி. அடியில் தடித்த வெல்வெட் துணி.

அம்மா கருவியைப் போடச் சொன்னார். விசிறியை மட்டும் நிறுத்தினார். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டிக்குள் நீட்டினார்.

புகை உள்ளே சுழன்றது. மேல்பலகையில் முட்டியது. திரும்பி அவர்கள் முகத்துக்கே வந்தது.

கதிரேசன் குனிந்து பார்த்தார். மேலே பலகை. பின்னால் பலகை. கருவியின் அடித்தகட்டில் இருந்த ஓட்டைகளை வெல்வெட் அடைத்திருந்தது.

"உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை" என்றார் மெதுவாக.

கருவியை நிறுத்தி, ஆறவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்தார். துணியை உருவி எறிந்தார். மேசைமேல் நான்கு மரக்கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் அதை உட்காரவைத்தார். மீண்டும் போட்டார்.

வால்வுகளின் கண்ணாடிக் குழல்கள் சிவந்தன. வீணை தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம் மெதுவாக வையுங்கள்" என்றார் பொன்னம்பலம். "இப்போது மெதுவாகவே கேட்கலாம்."

ராகம் முடிந்தது.

கதிரேசன் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தார். கை வைக்க முடிந்தது.

அம்மா ஊதுபத்தியைக் கருவியின் அடியில் பிடித்தார். புகை வளைந்து கட்டைகளுக்கிடையே நுழைந்தது. வால்வுகளின் நடுவே எழுந்து, நேராகக் கூரைக்குப் போனது. சத்தமே இல்லை.

கதிரேசன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விசிறி ஓடவில்லையே, அம்மா. இதை யார் இழுக்கிறார்கள்?"

"நேற்றிலிருந்து நீங்கள் எந்தச் சூட்டை விரட்டிக்கொண்டிருந்தீர்களோ, அதுதான்."