சாய்ந்த தலை

நடிகர் ஜெயவேலுக்கு ஐம்பது வயது. அவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் பரிமளாவுக்கு நாற்பது. வயது என்னவாக இருந்தால் என்ன, ஜெயவேலுக்கு அவர் டீச்சர்தான். சாலிகிராமத்தில் ஒரு மெக்கானிக் கடைக்கு மேல் மாடியில் பரிமளாவின் பயிற்சிக்கூடம் இருந்தது.

அன்று பகல், படப்பிடிப்பிலிருந்து நேராக அங்கே வந்தார் ஜெயவேல். முகத்தில் ஈயாடவில்லை.

“பதினேழு டேக், டீச்சர். டைரக்டர் பேக்கப் சொல்லிட்டார். நாளைக்கும் சரியா வரலேன்னா வேற ஹீரோவைப் பாக்கப்போறாங்களாம்.”

“எந்த சீன், சார்?”

“அந்த சீன்தான்.”

பரிமளாவுக்குப் புரிந்தது. அறுபது வருடம் முன்பு மார்த்தாண்டன் என்றொரு நடிகர், ஜெயிலிலிருந்து வீடு திரும்பும் கணவனாக நடித்தார். குழந்தை இறந்துபோனதை மனைவி சொல்வாள். மார்த்தாண்டன் லேசாகத் தலையைச் சாய்ப்பார். அவ்வளவுதான். அன்று பிடித்து ஊரே தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. சலூன் படத்தில் சாய்க்கிறார்கள். கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளை சாய்க்கிறார். ஓட்டுக் கேட்டு வருகிறவரும் சாய்த்துக்கொண்டுதான் கும்பிடுகிறார்.

ஜெயவேல் அந்தச் சாய்ப்பிலேயே முப்பது வருடம் ஓட்டியவர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பேர் ‘சின்ன மார்த்தாண்டன்’. இப்போது அதே படத்தை மறுபடி எடுக்கிறார்கள்.

“எவ்வளவு சாய்க்கணும்னு கண்ணாடி முன்னாடி அளந்தே வெச்சிருக்கேன். டைரக்டர் பொம்மை மாதிரி இருக்குங்கிறார். எனக்கு ஒண்ணும் ஓடலை, டீச்சர்.”

பாவம், மனிதர் உழைப்புக்குச் சளைத்தவர் இல்லை.

பரிமளா டிவியில் பழைய படத்தின் அந்தக் காட்சியைப் போட்டார்.

“இதை எத்தனை தடவை பாத்திருப்பீங்க?”

“இருநூறு இருக்கும்.”

“அந்தம்மா என்ன சொல்றாங்க?”

“குழந்தை இறந்துடுச்சுன்னு…”

“அது கதை, சார். அவங்க என்ன சொல்றாங்க?”

ஜெயவேல் வாயைத் திறந்தார். ஒரு வரிகூட வரவில்லை. மார்த்தாண்டன் எங்கே கண் சிமிட்டுவார் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

“சரி, உங்ககூட நடிக்கிற பொண்ணு? அது எப்படிச் சொல்லுது?”

“தெரியலை. என் க்ளோசப் எடுக்கிறப்ப அசிஸ்டென்ட் யாராவது அந்த வசனத்தைப் படிப்பாங்க. அந்தப் பொண்ணோட க்ளோசப் எடுக்கிறப்ப நான் கேரவனுக்குப் போயிடுவேன். எல்லாரும் அப்படித்தானே, டீச்சர்?”

பரிமளா சுவரிலிருந்த காலண்டர் அட்டையைக் கழற்றினார். மார்த்தாண்டன் நிற்கும் பாதித் திரையை அந்த அட்டையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தத்தையும் குறைத்தார்.

படம் ஓடியது. ஜெயவேலுக்குப் பார்க்க அந்த நடிகை மட்டும்தான் மிச்சம். அவள் முந்தானையை விரலில் சுற்றியபடி பேசினாள். கீழே கடையில் யாரோ புல்லட்டை முறுக்கினார்கள்.

“கடைசி நாள்கூட மூணு தடவை எழுந்து வாசலுக்குப் போனான்…”

அடுத்த வரி புல்லட் சத்தத்தில் அமுங்கியது. ஜெயவேல் காதைத் தீட்டிக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தார்.

“அப்பா செருப்புச் சத்தம் கேக்குதுன்னு சொன்னான்.”

ஜெயவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருநூறு தடவை பார்த்த படம். அந்தப் பிள்ளை இன்றைக்குத்தான் செத்ததுபோல் இருந்தது.

“அப்படியே இருங்க, சார். அசையாதீங்க.”

பரிமளா அட்டையை எடுத்தார். திரையில் மார்த்தாண்டன் தலை சாய்த்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலி நுனியில் ஜெயவேலின் தலையும் சாய்ந்திருந்தது.

ஜெயவேல் டைரக்டருக்கு போன் செய்தார்.

“நாளைக்கு அந்தப் பொண்ணோட க்ளோசப்பை முதல்ல எடுத்துடுங்க. எதிர்ல நானே நிக்கிறேன்.”

படியிறங்கப் போனவர் பாதியில் நின்றார். முப்பது வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

“டீச்சர், நாளைக்கு அந்தப் பொண்ணு பேசறப்ப என் தலை சாயலேன்னா? ஜனங்க அதைப் பாக்கத்தானே வர்றாங்க?”

பரிமளா காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

“சாயலேன்னா, அந்தப் பொண்ணு சொன்னது உங்களுக்கு நல்லாவே காதுல விழுந்திருக்கும், சார்.”