தேன்மிட்டாய் மேல் விழுந்த பழி

பவுன்ராஜ் பளு தூக்கப் போகும்போதெல்லாம் தோளில் ஒரு பையும் போகும். அந்தப் பைக்குள் ஒரு காலத்தில் மூன்று பேர் குடியிருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மிஷின், சர்க்கரையை இறக்கும் இன்சுலின் பேனா, ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் தேன்மிட்டாய். சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் ஆபத்துக்கு உதவத்தான் தேன்மிட்டாய்.

மிஷினுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அதிலும் தேன்மிட்டாயைக் கண்டால் ஆகவே ஆகாது. இத்தனை இனிப்பாகப் பேசுகிறவன் எப்படி நல்லவனாக இருப்பான் என்பது அதன் கட்சி. தினமும் பொட்டலத்தை எட்டிப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் தூங்கும்.

அன்று பவுன்ராஜ் நூறு கிலோவைத் தூக்கி இறக்கிவிட்டு வந்து, பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வேர்வை, கையில் நடுக்கம். பளு தூக்கினால் வேர்க்கத்தானே செய்யும், அவன் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலில் ஊசி குத்தி மிஷினுக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தான். மிஷின் ருசி பார்த்தது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று மிஷின் பொட்டலத்தின் பக்கம் திரும்பியது. "காலையில அஞ்சு பேர் இருந்தீங்க. இப்ப நாலு. ஒருத்தன் எங்கே போனான்?"

"மாஸ்டருக்குப் பேத்தி பிறந்திருக்கு. பவுன்ராஜ்தான் அவர் வாயில ஊட்டி விட்டாரு."

"நல்லா கதை விடுற. திருட்டுத்தனமா பவுன்ராஜ் வாய்க்குள்ளதானே போனான்?"

பேனா கொட்டாவி விட்டது. "உங்க பஞ்சாயத்து எனக்கெதுக்கு. நம்பர் சொல்லியாச்சுன்னா நான் இறங்க வேண்டியதுதான்."

பவுன்ராஜ் பேனாவைக் கையில் எடுத்தான். ஆறு யூனிட்டுக்குத் திருகினான். சட்டையைத் தூக்கி வயிற்றில் இடம் தேடினான்.

தேன்மிட்டாய்க்கு உயிரே போய்விட்டது. "ஐயா, என் பாகு அவர் விரல்ல ஒட்டியிருக்கு. கை கழுவாம குத்திக்கிட்டாரு. நீ ருசி பார்த்தது அவர் ரத்தத்தை இல்ல, என்னை. அவருக்குச் சர்க்கரை இறங்கிக்கிட்டு இருக்கு. இப்ப இந்தப் பேனா வேற உள்ள போனா ஆள் பிழைக்க மாட்டார்."

மிஷின் சிரித்தது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சொட்டில் லேசாக ஏலக்காய் வாசனை அடித்தது நிஜம்தான். ஆனாலும் இந்தப் பயல் தப்பிக்கப் பொய் சொல்கிறானோ? நம்பி ஏமாந்தால் என்ன ஆவது? தான் தப்பாகச் சொன்னதாக வெளியே தெரிந்தால், பத்து வருஷம் சேர்த்த பேர் என்ன ஆகும்? ஊசி முனை தோலைத் தொட்டது.

ஊசியை அழுத்தும் முன்னால் பவுன்ராஜ் இன்னொரு தரம் நம்பரைப் பார்த்தான். மிஷின் கண்ணை மூடிக்கொண்டு நம்பரை அழித்தது. வெட்கத்தோடு 'எர்ரர்' என்று காட்டியது.

"என்ன மாஸ்டர், எர்ரர்னு வருது."

மாஸ்டர் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். "பிசுபிசுங்குது பவுனு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து பாருப்பா."

கழுவிவிட்டு வந்து பார்த்தான். ஐம்பத்து நான்கு.

மாஸ்டர் பேனாவைப் பிடுங்கி வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து நாலு தேன்மிட்டாயையும் ஒவ்வொன்றாக அவன் வாயில் போட்டு மென்று விழுங்க வைத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடி கையைக் கழுவிக் குத்தினான். மிஷின் ரொம்ப ஜாக்கிரதையாக ருசி பார்த்து நூற்றிரண்டு என்றது.

அதற்கப்புறம்தான் மிஷினுக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. திரும்பிப் பார்த்தது. வெறும் காகிதம்தான் இருந்தது.