பொட்டு வைத்த ஃபில்டர்

திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டும் பூரணம், தன் பழைய வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தாள். மேனேஜர் துரைசிங்கம் கரி பிடித்த ஏர் ஃபில்டர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கினார்: "உன் வண்டியில கழட்டினதும்மா! பெல்ட், பேட்டரின்னு எல்லாத்தையும் மாத்தலேன்னா நடுரோட்டுல நிப்பே!"

"இது என் வண்டியோடது இல்லீங்க சார்."

"எப்படிச் சொல்றே?"

"ஆயுத பூஜையன்னிக்குப் புது ஃபில்டர் வாங்கி, பொட்டு வச்சுத்தான் உள்ளே மாட்டினேன்."

பானட்டைத் திறந்தார்கள். பெட்டிக்குள் ஃபில்டர் குங்குமப் பொட்டோடு பளிச்சென்று இருந்தது. மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது. "சரி, என்னதான் மாத்தணும்?"

"ஆயிலை மாத்துங்க. மிதிச்சா கிறீச்சுங்குது, பிரேக் பேடையும் மாத்துங்க. அந்தக் கரி ஃபில்டரைப் பத்திரமா வைங்க சார், அடுத்த வண்டிக்காரருக்குக் காட்டணும்ல!"